திரையில் ஒன்பது

இந்த ஊரில் லாரி என்றால் நாணயம்.
சக்கரம் கிடையாது, ஆனாலும் ஓடும்.
ஜார்ஜியாவில், ஜெஸ்தபோனி ரயில் நிலையத்துக்குப் பின்னால்
லம்சிராவின் இரும்புக் கடையிலிருந்து
அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான்
பதினெட்டு வருடமாகத் தெரியவில்லை.

ஆணி, தாழ்ப்பாள், விறகடுப்புக்குத் தகரக் குழாய்,
திராட்சைக் கொடி கட்டும் கம்பி,
பெயர் மறந்த ஏதோ ஒரு பம்பின் வாஷர்.
எது எங்கே என்பது
கணவன் முர்மானின் கைகளுக்குத் தெரியும்.
கைகளைக் கேட்டால் சொல்லாது.
ஜனவரிப் பனியில் வழுக்கி விழுந்து
மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அவன் வீட்டில் கிடந்த பதினோரு நாளும்
"இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை" என்று
வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள்.
எதிர்க்கடைக்காரன் அதற்குள் புது விளக்குப் பலகை மாட்டிவிட்டான்.

பன்னிரண்டாம் நாள், குத்தாயிசியிலிருந்து பத்ரி வந்தான்.
கைமாறிய மடிக்கணினி ஒன்று,
துப்பாக்கி போல ஒரு பார்கோடு கருவி,
மாதச் சந்தா முப்பத்தைந்து லாரி.
"முதலில் எண்ணுங்கள்."
"எதை?"
"எல்லாவற்றையும்."

பிப்ரவரி முழுக்க எண்ணினார்கள்,
அவளும் கடைப்பையன் கேகாவும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு.
ஆணியை மட்டும் எண்ணவில்லை, நிறுத்தார்கள்.
குளிர்ந்த இரும்பு விரல்நுனியைக் கடித்தது.
நானூறு பொருளுக்குப் பெயரே இல்லை.
"வளைந்த சின்னது", "வளைந்த பெரியது",
"சோவியத் காலத்துச் சனியன்"
என்று அவளே பெயர் சூட்டினாள்.
மென்பொருள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

முர்மான் திரைப் பக்கமே திரும்பவில்லை.
"தலையில் இருப்பதை எதற்குப் பெட்டியில் போட வேண்டும்?"
"தலை வழுக்கி விழுகிறதே" என்றாள்.

மே மாதம் ஒருவர் நாலங்குலக் கீல் கேட்டார்.
திரையில் ஒன்பது.
அலமாரியில் ஒன்றுமில்லை.

கேகாவுக்குப் பத்தொன்பது வயது.
சட்டைப் பையைக் காட்டச் சொன்னாள்.
காட்டினான்.
ஒரு பேருந்துச் சீட்டு, சூரியகாந்தி விதை.

அன்றிரவு கடையைப் பூட்டாமல் உட்கார்ந்து
காணாமல் போனவற்றை மட்டும் பட்டியலிட்டாள்.
கீல் ஒன்பது.
பூட்டு மூன்று.
கைப்பிடி மூன்று.
திரும்பப் படித்தாள்.
திருடன் இப்படி எடுக்க மாட்டான்.
இது மூன்று கதவு.

காலையில் க்விரிலா ஆற்றங்கரைக்கு நடந்தாள்.
ஏப்ரல் வெள்ளம் சுவர்களில் இடுப்புயரத்துக்குக்
கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது.
அந்தக் கோட்டுக்குக் கீழும் மேலும்
கறை படாத மூன்று கதவுகள்.
கீல்களை அவளுக்குத் தெரிந்தது.

"கொடுத்ததைச் சொல்லவில்லை,
எழுதாததைத்தான் சொல்கிறேன்" என்று
தெருவே கேட்கக் கத்தினாள்.
முர்மான் மாவுக்கட்டு கழற்றிய கையைத் தடவிக்கொண்டிருந்தான்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் ஊர்ப் பேச்சு.
அவள் அதைக் கேட்டதில்லை. ஆனாலும் உட்கார்ந்து
புது விற்பனை வகை ஒன்று திறந்தாள்: விலை பூஜ்யம்.
வாடிக்கையாளர் பெயர் இல்லாமல் திரை நகரவில்லை.
"ஆறு" என்று அடித்தாள்.

அதற்குப் பிறகு முர்மானும் எழுதத் தொடங்கினான்,
ஒற்றை விரலால், எழுத்தை எழுத்தைத் தேடி.
ஆற்றின் கணக்கில் இன்று அறுநூற்றுச் சொச்சம் லாரி நிலுவை.
மாதக் கடைசியில் திரை கேட்கும்:
நினைவூட்டல் அனுப்பவா?
பிறகு, என்று அழுத்துவாள்.

கேகா ஜூலையில் எதிர்க்கடைக்குப் போய்விட்டான்.
காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அக்டோபரில் ஊரெல்லாம் அடுப்பு மூட்டும்.
எந்த வாரம் எத்தனை குழாய் போகும் என்று
பழைய ரசீதுகளை ஏற்றி, ஆகஸ்டிலேயே பார்த்து
நூற்றிருபது மில்லிமீட்டர் முழங்கைக் குழாய்
இருநூறு வரவழைத்திருந்தாள்.
முதல் உறைபனியில் எதிர்க்கடை காலி.
அவர்களே ஆள் அனுப்பினார்கள், பன்னிரண்டு வேண்டுமென்று.

வந்தவன் கேகா.
அவள் பார்கோடு காட்டினாள், ரசீது நீண்டு வந்தது.
மீதிக் காசை
அவள் முன்னாலேயே
இரண்டு தடவை எண்ணினான்.